செயற்கைப் புல்தரையின் செலவும் பரப்பளவும்: எந்த அளவில் எது கட்டுபடியாகும்?

செயற்கைப் புல்தரை போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "சதுர அடிக்கு என்ன ஆகும்?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் இடத்தின் அளவையும் வடிவத்தையும் கேட்காமல் ஒருவர் ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொன்னால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. அதே புல், அதே ஆட்கள், அதே வேலைமுறை என்று வைத்துக்கொண்டாலும், 20 சதுர மீட்டர் முற்றத்துக்கு ஆகும் வீதம் வேறு, 200 சதுர மீட்டர் தோட்டத்துக்கு ஆகும் வீதம் வேறு, 7,000 சதுர மீட்டர் மைதானத்துக்கு ஆகும் வீதம் வேறு. பெரிய வேலை என்றால் வீதம் குறையும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஓரளவுக்குத்தான் உண்மை. செலவின் சில பகுதிகள் பரப்பு கூடக்கூட வேகமாகக் குறைகின்றன, சில குறையவே குறையாது, இன்னும் சில ஒரு கட்டத்துக்குப் பிறகு புதிதாக வந்து சேர்கின்றன. எது எந்த வகை என்று பிரித்துப் பார்த்தால்தான், நம் இடத்துக்கு ஒரே மூச்சில் செய்வதா, இரண்டு தவணையாகச் செய்வதா, பரப்பைக் குறைப்பதா, கூட்டுவதா, சொந்தக் கையால் போடுவதா என்பதைத் தீர்மானிக்க முடியும்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழி சிறிய புல்தரை வேலைகளுக்கு அப்படியே பொருந்தும். அளவெடுக்க ஒருவர் வர வேண்டும். மண்ணைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி அப்புறப்படுத்த வண்டி வேண்டும். ஜல்லியும் கல்தூளும் கொண்டுவர லாரி வேண்டும். அவற்றை இறுக்குவதற்குக் காம்பாக்டர் வாடகைக்கு எடுக்க வேண்டும். 20 சதுர மீட்டர் இடத்தில் பத்து சென்டிமீட்டர் தோண்டினால் கிடைப்பது 2 கன மீட்டர் மண். அது வெட்டி எடுத்ததும் உதிர்ந்து பெருகும் என்பதைக் கணக்கில் கொண்டாலும் ஒரு லாரி நிறையாது. ஆனால் பாதி லாரிக்குப் பாதி வாடகை என்று யாரும் வாங்குவதில்லை. காம்பாக்டருக்கு வாடகை நாள் கணக்கில்தான், இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தாலும் ஒரு நாள் வாடகை கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் பலர் குறிப்பிட்ட பரப்புக்குக் கீழே உள்ள வேலைகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்றை வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். அதைப் பேராசை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவதாக, ஓரம். புல்தரை தன் ஓரங்களில்தான் தளர்ந்து எழும்பத் தொடங்கும் என்பதால், சுற்றிலும் மரச்சட்டமோ கல்வரிசையோ கான்கிரீட் கட்டோ வைத்து, புல்லை அளந்து வெட்டி, ஆணியோ பசையோ கொண்டு நிலைநிறுத்த வேண்டும். இந்த வேலைக்குக் கூலி நீளத்தைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்தது அல்ல. 4-க்கு 5 மீட்டர் முற்றத்தின் சுற்றளவு 18 மீட்டர், அதாவது ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு 90 சென்டிமீட்டர் ஓரம். 10-க்கு 20 மீட்டர் தோட்டத்தின் சுற்றளவு 60 மீட்டர். இங்கே ஒரு சதுர மீட்டருக்கு 30 சென்டிமீட்டர்தான். 105-க்கு 68 மீட்டர் கால்பந்து மைதானத்தில் அது 5 சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. பெரிய பரப்பில் வீதம் குறைவதற்கு மொத்தக் கொள்முதல் தள்ளுபடியைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். என் பார்வையில், ஓரத்தின் பங்கு அதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும் என்பதற்காக, ஒரு சதுர மீட்டருக்கான பொருளும் கூலியும் சேர்ந்து ஒரு பங்கு என்று கொள்வோம். வண்டி, கருவி, மேற்பார்வை ஆகியவற்றின் நிலைச்செலவு 20 பங்கு, ஓரவேலை மீட்டருக்கு அரைப் பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்களே. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். 20 சதுர மீட்டர் முற்றத்துக்கு மொத்தம் 49 பங்கு, அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2.45. 200 சதுர மீட்டர் தோட்டத்துக்கு 250 பங்கு, சதுர மீட்டருக்கு 1.25. 40-க்கு 50 என்று 2,000 சதுர மீட்டர் எடுத்தால் 2,110 பங்கு, சதுர மீட்டருக்கு 1.055. முற்றத்திலிருந்து தோட்டத்துக்குப் பரப்பு பத்து மடங்கு ஆனபோது வீதம் பாதியாகிவிட்டது. அங்கிருந்து இன்னொரு பத்து மடங்கு போனபோதோ ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குறைந்திருக்கிறது. ஆகவே அளவினால் வரும் சேமிப்பு பெரும்பாலும் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. 150 சதுர மீட்டர் போதுமான இடத்தில், வீதம் குறையுமே என்று 300 ஆக்குகிறவர், குறைந்த வீதத்தில் அதிகப் பணம் செலவழிக்கிறார்.

இதே கணக்கு, பரப்பைக் குறைத்துச் செலவைச் சுருக்க நினைப்பவருக்கும் ஒன்று சொல்கிறது. அந்த 20 சதுர மீட்டர் முற்றத்தை 3-க்கு 4 என்று 12 சதுர மீட்டராகச் சுருக்கினால் ஆகும் செலவு 39 பங்கு. பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கை விட்டுக்கொடுத்தும் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். சிறிய இடத்தை மேலும் சிறிதாக்குவதால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்பதால், பணம் இறுக்கமாக இருந்தால் பரப்பை வெட்டுவதைவிட, விலை குறைந்த ரகப் புல்லைத் தேர்ந்தெடுப்பதோ, ஓரக்கட்டை எளிமையாக்குவதோ அதிகப் பலன் தரும். ஆனால் அடித்தளத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஜல்லியின் கனத்தைக் குறைத்து மிச்சம்பிடித்த தரை, சில மழைக்குப் பிறகு அங்கங்கே குழிந்து நீர் தேங்க ஆரம்பித்துவிட்டால், அதைச் சரிசெய்ய மேலே உள்ள புல்லை முழுவதுமாகப் பிரித்தே ஆக வேண்டும்.

இதுவரை சொன்னதில் புல் எந்த அகலத்திலும் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் அது ரோலாக வருகிறது. பரவலாகக் கிடைப்பது 4 மீட்டர் அகலமும் 25 மீட்டர் நீளமும் கொண்ட ரோல். எவ்வளவு பரப்பு என்பதைவிட, அந்தப் பரப்பு இந்த 4 மீட்டருக்குள் எப்படி அடங்குகிறது என்பதே சிறிய, நடுத்தர வேலைகளில் செலவைத் தீர்மானிக்கிறது. 4-க்கு 6 மீட்டர் இடத்தையும் 5-க்கு 5 மீட்டர் இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரப்பு முறையே 24, 25. கேட்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது. முதல் இடத்துக்கு ரோலிலிருந்து 6 மீட்டர் வெட்டி விரித்தால் வேலை முடிந்தது, இரண்டு துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும் மூட்டே இல்லை. இரண்டாவது இடத்தில் 4 மீட்டர் அகலத் துண்டு விரித்தபின் ஒரு மீட்டர் மிச்சம் நிற்கும். அதற்கு ஒரே துண்டாக வேண்டுமென்றால் இன்னொரு 5 மீட்டர் வெட்ட வேண்டும்: 25 சதுர மீட்டர் இடத்துக்கு 40 சதுர மீட்டர் புல் வாங்கி, 15 சதுர மீட்டரைச் சேதாரமாக விட வேண்டும். இரண்டரை மீட்டர் மட்டும் வாங்கி, அதை ஒரு மீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டி, இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் கொள்முதல் 30 சதுர மீட்டராகக் குறையும். ஆனால் குறுக்கே ஒரு மூட்டு கூடுதலாக வரும். ஒரு மீட்டரைப் பூச்செடிக்கோ சரளைக்கல் பாதைக்கோ ஒதுக்கிவிட்டு 4-க்கு 5 என்று புல் போடுவதுதான் இத்தகைய இடத்துக்கு நான் சொல்லும் முதல் யோசனை.

துண்டுகளை இப்படித் திருப்பி வைக்கும்போது மறக்கக் கூடாத ஒன்று உண்டு. செயற்கைப் புல்லின் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தடவிப் பார்த்தால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் நெருடும். எல்லாத் துண்டுகளிலும் அந்தச் சாய்வு ஒரே பக்கம் பார்க்காவிட்டால், ஒரே ரோலிலிருந்து வெட்டியதாக இருந்தாலும் வெயிலில் ஒன்று கறுத்தும் மற்றொன்று வெளுத்தும் தெரியும். சேதாரத்தைக் குறைப்பதற்காகத் துண்டைத் தொண்ணூறு பாகை திருப்பிப் போட்டுவிட்டு, பிறகு மூட்டு தெரிகிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

ஒரே பரப்புக்கு வடிவத்தால் மட்டுமே எவ்வளவு வேறுபாடு வரும் என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு: 100 சதுர மீட்டர், அதாவது ஒரு முழு ரோல். அதை 10-க்கு 10 சதுரமாகவும் போடலாம், 2 மீட்டர் அகலமும் 50 மீட்டர் நீளமும் கொண்ட நடைபாதையாகவும் போடலாம். சதுரத்தில் 10 மீட்டர் நீளத்தில் இரண்டு பட்டைகள் போட்டு, மீதி 5 மீட்டரை நெடுக்கே இரண்டாகப் பிளந்து மூன்றாவது பட்டையாக வைக்க வேண்டும். மூட்டு மொத்தம் 22 மீட்டர், ஓரம் 40 மீட்டர். நடைபாதையில் ரோலை நெடுக்கே இரண்டாகப் பிளந்து வரிசையாக வைத்தால் மூட்டு 2 மீட்டர்தான், ஆனால் ஓரம் 104 மீட்டர். ஓரத்தில் ஏற்கெனவே சுவரோ நடைமேடையோ இருந்தால் நடைபாதை மலிவாக முடியும். மண்ணோடு மண்ணாக இருந்தால் சதுரமே மலிவு. (விளிம்பைச் சீராக வெட்டச் சில சென்டிமீட்டர் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால், இடம் 10 மீட்டருக்கு விரலளவு குறைவாக இருந்தால்தான் ஒரு ரோலுக்குள் நிம்மதியாக அடங்கும்.) சதுர அடி வீதத்தை மட்டும் பேசி முடித்த ஒப்பந்தத்தில் இந்த வேறுபாடு எங்கேயும் தெரியாது, யாரோ ஒருவர் அதைச் சுமக்கிறார், பெரும்பாலும் வீட்டுக்காரர்தான்.

ஓரம் பரப்போடு குறைந்துகொண்டே போகிறது என்றேன். மூட்டு அப்படி இல்லை. 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய இடத்தில் மூட்டே இருக்காது. 10-க்கு 10-இல் சதுர மீட்டருக்கு 22 சென்டிமீட்டர் வந்துவிட்டது. கால்பந்து மைதானத்தின் குறுக்கே 68 மீட்டர் நீளப் பட்டைகளை, ஒவ்வொன்றும் இடையில் வெட்டுப்படாத ஒரே துண்டு என்று வைத்து விரித்தால், 105 மீட்டருக்கு 27 பட்டைகள், அவற்றுக்கிடையே 26 மூட்டுகள், ஆக 1,768 மீட்டர் நீள மூட்டு வேலை. சதுர மீட்டருக்குக் கால் மீட்டர். பரப்பு எவ்வளவு பெருத்தாலும் இது ஏறக்குறைய அங்கேயே நிற்கும், ரோலின் அகலம் மாறினால்தான் மாறும். மூட்டுதான் இந்தத் தொழிலிலேயே நிதானம் கேட்கும் வேலை. இரண்டு விளிம்புகளையும் பின்பக்கத் தையல் வரிசையை ஒட்டி வெட்டி, இடைவெளி தையல் வரிசைகளின் இடைவெளிக்குச் சமமாக இருக்கும்படி பொருத்தி, அடியில் மூட்டுநாடாவை விரித்துப் பசை தடவி, இழைகள் பசையில் சிக்காதபடி விரலால் விலக்கி விலக்கி அழுத்த வேண்டும். பெரிய வேலையில் ஆட்கள் அதிகம் என்பதால் இது விரைவாக நடக்கலாம். மீட்டருக்கான உழைப்பு குறைவதில்லை.

சொந்தமாகப் போடலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. பலர் பரப்பை வைத்து முடிவெடுக்கிறார்கள். நான் மூட்டை வைத்து முடிவெடுக்கச் சொல்வேன். ஒரே துண்டில் அடங்கும் இடம் என்றால், பொறுமையுள்ள இருவர் காம்பாக்டரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, அடித்தளத்தைக் கவனமாகப் போட்டு, புல்லை விரித்துவிடலாம். சதுர மீட்டருக்கு இரண்டரையிலிருந்து மூன்று கிலோ எடை என்று வைத்தால், 20 சதுர மீட்டர் துண்டு 50 முதல் 60 கிலோ, இருவர் தூக்கக்கூடியது. சிறிய வேலையில் கூலியின் பங்கு மிக அதிகம் என்பதால், சொந்த உழைப்பின் மதிப்பும் அங்கேதான் மிக அதிகம். முழு ரோல் என்றால் 250 முதல் 300 கிலோ வரும், அதோடு மூட்டும் வந்து சேரும். அந்த இடத்தில் பழக்கமில்லாத கையால் செய்து மிச்சம்பிடிக்கும் கூலியை, எல்லோர் கண்ணிலும் படும் ஒரு கோணல் கோடு ஆண்டுக்கணக்கில் வசூலித்துக்கொண்டிருக்கும்.

சிறிய இடத்துக்கென்றே உள்ள இரண்டு வாய்ப்புகளையும் சொல்லிவிட வேண்டும். பெரிய வேலைகளில் மிஞ்சும் ரோல் துண்டுகள் விலை குறைத்து விற்கப்படுவதுண்டு. 4-க்கு 5 மீட்டர் துண்டு ஒன்று கிடைத்துவிட்டால், பொருள் விலையில் பெரிய மைதானத்துக்கு ஈடான வீதத்தை ஒரு சிறிய முற்றம் எட்டிவிடும். மற்றொன்று, அடுத்தடுத்த வீட்டார் இருவரோ மூவரோ ஒரே நாளில் வேலையை வைத்துக்கொள்வது. ஒரு லாரி, ஒரு காம்பாக்டர், துண்டாக வாங்காமல் முழு ரோலாகக் கொள்முதல் என்று நிலைச்செலவு பங்கிடப்படும். ஓரச்செலவு மட்டும் அவரவருடையதாகவே இருக்கும்.

அடுத்து, முழுவதையும் ஒரே முறையில் செய்வதா, தவணையாகச் செய்வதா என்பது. அதே 200 சதுர மீட்டர் தோட்டத்தை 10-க்கு 10 என்று இரண்டு பாதியாகச் செய்தால், நிலைச்செலவு இருமுறை 20, ஓரம் 80 மீட்டருக்கு 40, பொருளும் கூலியும் 200, ஆக 280 பங்கு. ஒரே முறையில் 250. கூடுதல் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான். கையில் பணம் இல்லாதபோது கடன் வாங்கிச் செய்வதோடு ஒப்பிட்டால், இந்தக் கூடுதல் சில நேரம் தாங்கக்கூடியதே. ஆனால் பணத்தில் வராத இடர் ஒன்று இருக்கிறது: நிறம். வெவ்வேறு முறை உற்பத்தியான ரோல்களுக்கிடையே பச்சை நிறம் சற்று மாறும். முதல் பாதி அதற்குள் வெயில் பட்டு, மிதிபட்டு, மேலும் மாறியிருக்கும். புல் முழுவதையும் முன்பே வாங்கிப் பாதியை நிழலான, ஈரமில்லாத இடத்தில் சுருட்டி வைத்திருந்தாலும், விரித்த பாதி முதுமை அடைவதை அது தடுக்காது. எனவே தவணையில் செய்வதென்று முடிவெடுத்தால், இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று தொடாதபடி இடையில் ஒரு கல்பாதையோ செடி வரிசையோ வரும்படி முதலிலேயே திட்டமிட வேண்டும். கண் இரண்டு பச்சைகளையும் ஒட்டி வைத்து ஒப்பிடாத வரையில் நிற வேறுபாடு யாருக்கும் தெரியாது. அடித்தளத்தை மட்டும் முழுவதும் போட்டுவிட்டுப் புல்லைப் பிறகு விரிக்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். மூடாத ஜல்லியில் மாதக்கணக்கில் மண் படிந்து களை முளைத்துவிட்டால், அதன் நீர்வடியும் தன்மை கெட்டுவிடும்.

மைதான அளவுக்கு வரும்போது கணக்கே வேறு. அங்கே வீதம் குறைகிறது என்பதைவிட, புதிய செலவுகள் உள்ளே வருகின்றன என்பதுதான் முதன்மையானது. 4 மீட்டர் முற்றத்தில் நூற்றுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உயர வேறுபாடு 4 சென்டிமீட்டர். மழைநீர் தானே ஓரத்துக்கு ஓடிவிடும். 68 மீட்டர் அகல மைதானத்தில் நடுவிலிருந்து இருபுறமும் அதில் பாதி வாட்டம் கொடுத்தாலும், 34 மீட்டர் தூரத்தில் 17 சென்டிமீட்டர் இறக்கம் வரும். கனமழையில் அவ்வளவு நீரும் ஓரம் வரை மேலாகவே போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாததால், அடித்தளத்துக்குக் கீழே வடிகுழாய்கள் பதிக்க வேண்டும். லேசர் கருவி வைத்து மட்டம் பார்க்க வேண்டும். விளையாடுவோரின் கால்மூட்டுகளைக் காக்க அதிர்வு தாங்கும் அடுக்கு வைக்க வேண்டியிருக்கும். இழைகளை நிமிர்த்தி நிறுத்த மணலும் ரப்பர் துகள்களும் நிரப்ப வேண்டும். சதுர மீட்டருக்கு 15 கிலோ மணல் என்று வைத்தாலே 7,140 சதுர மீட்டருக்கு 107 டன். அலங்காரத் தோட்டத்தில் இவற்றில் பெரும்பாலானவை கிடையாது அல்லது மிகக் குறைவு. ஆகவே தோட்டத்தின் வீதத்தையும் மைதானத்தின் வீதத்தையும் நேராக ஒப்பிட்டு, "அவ்வளவு பெரிய இடத்துக்கு ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?" என்று கேட்பது பொருந்தாது.

பரப்பு குறைவாக இருந்தும் வீதம் உயர்வதற்கு ஹாக்கி மைதானம் நல்ல சான்று. 91.4-க்கு 55 மீட்டர் என்ற அதன் ஆடுகளம் கால்பந்து மைதானத்தைவிடச் சிறியது. ஆனால் உயர்மட்டப் போட்டிகளுக்கான குட்டை இழைத் தரையில் பந்து சீராக உருள, தரையை நனைத்து விளையாடும் முறை வழங்கிவந்திருப்பதால், நீர் தெளிப்பான்களும் அவற்றுக்கான குழாய்களும் கூடவே வரும். தரச்சான்றுச் செலவும் இப்படித்தான். ஃபிஃபாவின் தரத் திட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகள் உள்ளன. உயர்ந்த நிலைச் சான்று ஓராண்டுக்கும், அடுத்த நிலைச் சான்று மூன்றாண்டுக்கும் செல்லும். பள்ளி மாணவர்கள் மாலையில் விளையாடும் திடலுக்கு உயர்ந்த நிலைச் சான்று தேவையா என்று நிர்வாகிகள் முதலிலேயே கேட்டுக்கொண்டால், பரப்பினால் மிச்சமாகும் தொகை ஆண்டுதோறும் சோதனைக்குப் போகாமல் இருக்கும்.

பெரிய திடல்களில் முதல் செலவோடு இரண்டாவது செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நன்றாகப் போட்ட அடித்தளமும் வடிகாலும் மேலே உள்ள புல்லைவிட நீண்டகாலம் உழைக்கும். நாளெல்லாம் மிதிபடும் திடலில் புல் ஏறக்குறைய பத்தாண்டில் மாற்றத்துக்கு வந்துவிடும். அப்போது அடித்தளச் செலவு மீண்டும் வராது, ஆனால் பழைய புல்லையும் நூறு டன்னுக்கு மேற்பட்ட நிரப்பியையும் அப்புறப்படுத்தும் செலவு வரும். முற்றத்துப் புல்லைச் சுருட்டி ஒரு சிறு வண்டியில் ஏற்றிவிடலாம். மைதானத்தில் அது தனி ஒப்பந்தம். ரப்பர் துகள்களைப் பற்றி இன்னொரு கவலையும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த நுண்நெகிழி விதியின்படி, விளையாட்டுத் தரைகளுக்கான இத்தகைய செயற்கைத் துகள்களின் விற்பனைக்கு 2031 அக்டோபரிலிருந்து தடை வருகிறது. இன்று திட்டமிடும் எந்த நாட்டு நிர்வாகமும், நிரப்பி தேவைப்படாத ரகத்தையோ தக்கை போன்ற இயற்கை நிரப்பியையோ விலைப்புள்ளியில் ஒரு மாற்றாகக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

விலைப்புள்ளி வாங்கும்போது, ஒற்றை வீதத்தை ஏற்காமல், நிலைச்செலவு, சதுர மீட்டருக்கான பொருளும் கூலியும், மீட்டருக்கான ஓரவேலை, மூட்டுநீளம், சேதாரம் என்று பிரித்துத் தரும்படி கேளுங்கள். ரோல்கள் எந்தத் திசையில் எப்படி விரிக்கப்படும் என்ற வரைபடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அது ஒரு தாளில் பத்து நிமிடத்தில் வரையக்கூடியதுதான். இரண்டு ஒப்பந்தக்காரர்களின் வரைபடங்களை அருகருகே வைத்தால், ஒருவர் 40 சதுர மீட்டர் வாங்கச் சொல்லும் இடத்துக்கு மற்றவர் 30 வாங்கச் சொல்வது தெரியும், அதற்காக எங்கே மூட்டு வைக்கிறார் என்பதும் தெரியும். அந்த மூட்டு வாசலுக்கு நேரே விழுகிறதா, சுவரோரம் விழுகிறதா என்பதைப் பார்த்து, இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம்.